மானியக் கோரிக்கை எண் 54

போன வருஷம் எங்களுக்கு ஒரு அசைன்மென்ட் வந்திச்சு. தெற்காசியாவில் ஏதாவதொரு மாநில அரசையோ மாகாண அரசையோ எடுத்து, அதன் திணைக்களங்கள் ஒரு வருஷத்தில் என்ன செய்கின்றன, செய்ததை யாருக்கு எப்படிக் கணக்குக் காட்டுகின்றன என்று எழுதவேண்டும். பெட்ச்சில் பாதிப்பேர் கேரளா என்றார்கள். கேரளா என்றால் மார்க்ஸ் வரும் என்று சீனியர்மார் சொல்லி வைத்திருந்தார்கள். நான் தமிழ்நாட்டை எடுத்தேன். பெரிய ஆய்வு நோக்கமெல்லாம் கிடையாது. ஆவணங்கள் தமிழில் இருக்கும், இங்கிலிஷ் வாசிச்சு மண்டை காயத் தேவையில்லை என்ற சோம்பேறித்தனம்தான்.

அந்தச் சோம்பேறித்தனம் கடைசியில் என்னை எங்கட அம்மாயி வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோய் விட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுறேன்.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒரு மாநிலத்தின் நிதி ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி அடுத்த வருஷம் மார்ச் 31-இல் முடியும். எங்களுக்கு ஜனவரி முதல் டிசம்பர். அதனால் எங்கட பாராளுமன்றத்தில் நவம்பர், டிசம்பரில் நடக்கிற குழுநிலை விவாதச் சத்தம், அவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் நடக்கும். முதலில் நிதி அமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பார். எல்லாரும் பார்ப்பது அதைத்தான். டிவியில் வருவதும் அதுதான். அதற்குப் பிறகுதான் மெதுவான வேலை ஆரம்பிக்கும். ஒவ்வொரு துறையும் "எனக்கு இந்த வருஷம் இவ்வளவு பணம் வேண்டும்" என்று சட்டமன்றத்திடம் தனித்தனியாகக் கேட்கவேண்டும். இந்திய அரசியலமைப்பின் 203-ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. இந்தக் கேட்பதற்குப் பெயர் மானியக் கோரிக்கை. நாங்கள் வாக்குப்பணம் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட ஈடு. நாங்கள் திணைக்களம் என்பதை அவர்கள் துறை என்கிறார்கள், சட்டமூலம் என்பதைச் சட்டமுன்வடிவு என்கிறார்கள். ஒரே மொழிதான், ஆனாலும் அசைன்மென்ட் முடியுமட்டும் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

கோரிக்கைகள் ஐம்பதுக்கும் மேலே. வேளாண்மைக்கு எண் 5, மருத்துவத்துக்கு 19, உயர்கல்விக்கு 20, காவல்துறைக்கு 22, பள்ளிக்கல்விக்கு 43. ஒவ்வொன்றும் விவாதத்துக்கு வரும் நாளில் அந்தத் துறையின் அமைச்சர் ஒரு புத்தகத்தைச் சபையில் வைப்பார். அதுதான் கொள்கை விளக்கக் குறிப்பு. குறிப்பு என்று பெயர், ஆனால் பல துறைகளுடையது நூறு பக்கத்தைத் தாண்டும். போன வருஷம் என்ன செய்தோம், எவ்வளவு செலவு, இந்த வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவார்கள். அது தோற்றுப்போகும். அமைச்சர் பதிலுரை சொல்லி, கடைசியில் புது அறிவிப்புகளை வரிசையாக வாசிப்பார். எல்லாக் கோரிக்கையும் நிறைவேறிய பிறகு நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு. அது சட்டமானால்தான் கஜானாவைத் திறக்கலாம். தேர்தல் வருஷத்தில் மட்டும் இந்த ஒழுங்கு குழம்பும். 2021-இல் ஆட்சி மாறியபடியால் திருத்திய வரவு செலவுத் திட்டம் ஆகஸ்ட் 13-ஆம் திகதிதான் வந்தது. அடுத்த நாளே வேளாண்மைக்கென்று முதல் தடவையாகத் தனி நிதிநிலை அறிக்கையும் வந்தது.

இதெல்லாம் இணையத்தில் கிடக்கிறது. யாரும் எடுக்கலாம். நான் ஹொஸ்டல் வைஃபையில் ஒரு இரவு முழுக்க டவுன்லோட் பண்ணினேன். போனில் இடமில்லாமல் போய், பழைய பெட்ச் ட்ரிப் வீடியோக்களை அழித்தேன். ரூம் மேட் சிரித்தாள். "ஆக்கள் படத்தை டவுன்லோட் பண்றாங்க, நீ கால்நடைத்துறையை டவுன்லோட் பண்றாய்."

வாசிக்கத் தொடங்கினால் முதலில் நித்திரைதான் வந்தது. அந்தத் தமிழ் ஒரு தினுசு. யாருமே எதையுமே செய்வதில்லை. எல்லாம் செய்யப்படுகின்றன. நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது, பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன, பயனாளிகள் தெரிவு செய்யப்பட்டுள்ளனர். கிணறு தோண்டியவனும் இல்லை, ஊசி போட்ட நேர்ஸும் இல்லை. கிணறும் ஊசியும் தாமாகவே நடந்த மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு மூன்று நாள் போனபிறகு அதிலேயே ஒரு ருசி பிடித்துவிட்டது. அரசாங்கம் என்று நாங்கள் பேசுவது எப்போதும் தலைவர்களைப் பற்றித்தான். யார் யாரோடு கூட்டு, யார் யாரைத் திட்டினார் என்றுதான் பேஸ்புக்கில் சண்டை பிடிக்கிறோம். இந்தப் புத்தகங்களில் இருக்கிற அரசாங்கம் வேற. அங்கே மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி இருக்கிறது, ரேஷன் கடைக்கு வரும் துவரம் பருப்பு இருக்கிறது, பிள்ளைகளுக்கு 2022 செப்டெம்பரில் தொடங்கிய காலைச் சாப்பாடு இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு அரசு தன் சட்டைப்பையைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி.

எல்லாவற்றையும் காட்டுகிறதா என்பது வேற கேள்வி. குறிப்பை எழுதுவது அந்தந்தத் துறையே. தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற வேலைதான் அது. அதனால்தான் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை என்று ஒன்று தனியாகச் சட்டமன்றத்துக்கு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கவேண்டும் என்று மேடம் வகுப்பில் சொன்னார். என் அசைன்மென்டின் வாதமே அதுதான். நல்ல வாதம், போதுமான வாதம். அதோடு விட்டிருக்கலாம்.

வனத்துறையைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மானியக் கோரிக்கை எண் 54. யானை, புலி, வரையாடு என்று படங்கள் நிறைய இருக்கும், லேசாக முடிக்கலாம் என்று ஒரு நினைப்பு. காடுகள், காப்பகங்கள், காட்டுத்தீ எல்லாம் தாண்டி, துறையின் கீழ் இருக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் என்று ஒரு பகுதி வந்தது. மூன்று நிறுவனம். ஒன்று வனத்தோட்டக் கழகம். இன்னொன்று கன்னியாகுமரிப் பக்கத்து அரசு ரப்பர் கழகம். மூன்றாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், சுருக்கமாக டான்டீ.

தேயிலைக்கும் வனத்துறைக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே வாசித்தேன். சம்பந்தம் நாங்கள்தான்.

1968-இல் நீலகிரிக் காட்டு நிலத்தில் அரசு ஒரு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. 1976-இல் அது கழகமாக மாறியது. தலைமையகம் குன்னூரில். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம், அந்தப் பக்கம் வால்பாறை என்று தோட்டங்கள். தொடங்கிய காரணம், இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளருக்கு வேலை கொடுத்துக் குடியேற்றுவது. காட்டை வெட்டி நட்டபடியால் நிலம் வனத்துறையுடையது, ஆகையால் அவர்களும் வனத்துறைக் குறிப்பில் வருகிறார்கள். யானைக்கும் சந்தனமரத்துக்கும் பிறகு.

அங்கே அவர்களுக்கு ஒரு பெயர் இருந்தது. தாயகம் திரும்பியோர்.

நான் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எங்கட குடும்பத்தில் ஒருத்தர் அப்படித் "திரும்பி"னவர். அம்மாயியின் தங்கச்சி. எங்களுக்குச் சின்னம்மாயி. அவர் பிறந்தது டிக்கோயாவில். அவருடைய அம்மா பிறந்ததும் டிக்கோயாவில். போகும்வரை கடலையே பார்த்திராத ஒரு மனுஷி. பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்புவது?

வகுப்பில் ஒப்பந்தத்தைப் படித்திருக்கிறோம். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்து, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இதைப் பரீட்சைக்குப் பாடமாக்கி, முழுப் புள்ளியும் எடுத்திருக்கிறேன். ஆனால் அதை அம்மாயியோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, உண்மை அதுதான்.

அந்த வார லீவுக்கு வீட்டுக்குப் போனேன். பேராதனையிலிருந்து ஹட்டன் பஸ் எடுத்து, அங்கிருந்து தோட்டத்துக்கு முச்சக்கரவண்டி. அம்மாயி அடுப்படியில் பலாக்கொட்டை அவித்துக்கொண்டிருந்தார். போனைக் காட்டி, "அம்மாயி, சின்னம்மாயி போன எடத்தப் பத்தி இந்தியா கவுருமெண்ட் புத்தகத்துல இருக்கு" என்றேன்.

அம்மாயி கையைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "பேரு போட்டிருக்கா?"

பேரெல்லாம் இல்லை என்றேன். "அப்ப என்னா இருக்கு?"

வாசித்தேன். பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் என்று வந்தபோது அம்மாயி கையைக் காட்டி நிறுத்தினார். "சேரம்பாடி. அங்கிட்டுத்தான் காயிதம் போட்டா."

அன்றைக்குத்தான் முழுக்கதையும் வெளியே வந்தது. அம்மாயி கட்டிக்கொண்ட குடும்பம் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டது. சின்னம்மாயி கட்டிக்கொண்ட குடும்பம் இந்தியாவுக்கு எழுதிப்போட்டது. இரண்டு பெண்களிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாமனார் வைத்த கையெழுத்து. 1972-இல், அம்மா வயிற்றில் இருந்த நேரம், ஹட்டன் ஸ்டேஷனில் சின்னம்மாயியை ஏற்றிவிட்டார்கள். "அத அழுகக் கோச்சின்னுதான் சொல்லுவோம் புள்ள. எழவு வீட்டுல கூட அப்பிடி அழுக மாட்டாங்க. கோச்சி வளவுல திரும்புற வரைக்கும் கையக் காட்டிக்கிட்டே போனா." தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், பிறகு மண்டபம் முகாம்.

மண்டபம் முகாமைப் பற்றி நான் அசைன்மென்டுக்காக வாசித்திருந்தேன். அது வெள்ளைக்காரன் காலத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு வரும் ஆட்களைத் தடுத்துவைத்து நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்பக் கட்டிய இடம். பாட்டன் பூட்டன் வரும்போது அடைத்துவைத்த அதே முகாம் வழியாகத்தான் பேத்தியைத் திருப்பி வாங்கினார்கள். அம்மாயியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த எடத்துக்கு நம்மள நல்லாத் தெரியும்" என்றார்.

காயிதம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு வந்ததாம். காடு வெட்டி நட்டது, அட்டைக்கடி, குளிர் இங்கமாதிரித்தான், யானை வருவது, பிள்ளை பிறந்தது. 83 கலவரத்தில் லயத்தில் நெருப்பு வைத்தபோது காயிதங்களும் எரிந்தன. அட்ரஸும் அதோடு போனது. அங்கேயிருந்தும் பிறகு வரவில்லை. இங்கே எரிந்தது தெரிந்து, எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். அம்மாயி அப்படித்தான் நினைக்கிறார்.

ஹொஸ்டலுக்குத் திரும்பி வந்து ரூம் மேட்டுக்குச் சொன்னேன். அவள் மன்னார்ப் பக்கம். இந்த முறை சிரிக்கவில்லை. "மறுவாழ்வுத்துறை எண்டு ஒண்டு இருக்கோ? அதையும் எடு" என்றாள். அவளுடைய மாமா குடும்பம் 1990-இல் படகில் போனவர்கள். முகாமில் இருக்கிறார்கள், வட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறார்கள்.

எடுத்தோம். 1983 முதல் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் 3,04,269 பேர் என்று தமிழக அரசு கணக்கு வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் சொன்ன கணக்குப்படி, அப்போது 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே பொலிஸில் பதிந்துகொண்டு இருப்பவர்கள் 34,087 பேர். அந்த நாளில்தான் 7,469 வீடுகளைத் திருப்பிக் கட்டுவதாகவும், குடும்பத் தலைவருக்கான மாதக் கொடுப்பனவை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக்குவதாகவும் அறிவித்தார்கள். அடுத்த நாள் முகாம்களின் பெயரும் மாறியது. அகதிகள் முகாம் இனி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்.

ரூம் மேட் மாமாவுக்கு வொய்ஸ் போட்டு, வீடு கிடைச்சுதா என்று கேட்டாள். இன்னும் இல்லை, வரிசையில் இருக்கு என்று பதில் வந்தது. பிறகு ஒரு வசனம் சேர்த்தார். "வீடு தருவினம் பிள்ளை. அதெல்லாம் தருவினம். எங்கட பிள்ளையள் எந்த நாட்டாக்கள் எண்டதைத்தான் அவையால தர ஏலாது."

இதை நான் நூறு பக்கம் வாசித்தும் கவனிக்கவில்லை, அவர் ஒரு வொய்ஸில் சொல்லிவிட்டார். ஒரு மாநில அரசு வீடு கட்டலாம், அரிசி கொடுக்கலாம், கல்லூரிக் கட்டணம் கட்டலாம், முகாமுக்குப் பெயர் மாற்றலாம். இவை எல்லாவற்றுக்கும் மானியக் கோரிக்கை வைக்கலாம். குடியுரிமை மட்டும் டெல்லியின் கையில். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றையும்தான் சொன்னது. இலங்கை அதில் இல்லை. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டெம்பரில் அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போடலாம். அதற்குமேல் ஒரு மாநிலத்தால் முடியாது. ஆகவே ஒவ்வொரு வருஷமும் குறிப்பில் செலவுக்கணக்கு வருகிறது, தலைக்கணக்கு வருகிறது. இந்த மனிதர்கள் யார் என்ற கேள்விக்கு மட்டும் பத்தி இல்லை. அந்தக் கேள்விக்கு எந்தக் கோரிக்கை எண்ணும் கிடையாது.

முகாமில் இருப்பவர்களிலும் எங்கட ஆட்கள் நிறைய என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. 77, 83 கலவரங்களில் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி, வன்னியிலிருந்து கடலைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் தாங்கள் இந்திய வம்சாவளி, எங்களுக்குக் குடியுரிமை தாருங்கள் என்று கேட்டு வழக்குப் போட்டு, அது 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் விசாரிக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள். சின்னம்மாயி 1972-இல் அதே கடலைத் தாண்டினார், அவர் தாயகம் திரும்பியவர். அவருக்குப் பக்கத்து லயத்தில் பிறந்த ஒருத்தி 1990-இல் அதே கடலைத் தாண்டினால், அவள் அகதி. இரண்டு பேரும் ஒரே மாநிலத்தில், இரண்டு துறையின் இரண்டு புத்தகத்தில். போகாமல் நின்ற அம்மாயி இந்தப் பக்கம், பல வருஷம் "இந்தியத் தமிழர்" என்ற கட்டத்தில். அந்தப் பக்கம் போனவளுக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? சிலோன்காரி. கடைசிக் காயிதத்துக்கு முன்காயிதத்தில் சின்னம்மாயி அதை எழுதியிருந்தாராம். அம்மாயி அதைச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். "இங்க நம்மள இந்தியாக்காரிங்கிறான், அங்க அவள சிலோன்காரிங்கிறான். ரெண்டு பேரையும் மாத்தி அனுப்பியிருக்கலாம்."

டான்டீயின் இப்போதைய கதையும் சந்தோஷமானது இல்லை. கழகம் தொடர்ந்து நஷ்டத்தில். 2022-இல் தோட்டங்களில் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டது. தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். சூழலியல் பக்கத்திலிருந்து பார்த்தால் காடு காடாகத் திரும்புவது நல்லதுதான், யானைக்கும் பாதை வேண்டும். ஆனால் அந்தத் தேயிலைக்குக் கீழே ஒரு தலைமுறை இருக்கிறது. தோட்டத்து வீடு எங்கேயும் வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை முடிந்தால் வீட்டுக்கும் உரிமை இல்லை. இங்கே லயத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளருக்கு அரசு குடியிருப்புகளில் வீடு, அதற்கு அவர்கள் கட்டவேண்டிய பங்கை அரசே ஏற்கும் என்று பிறகு அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அம்மாயி கேட்டது வேற. "அப்ப காடு வெட்டினவளுக்குக் காடும் இல்ல, தேயிலையும் இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. குறிப்பில் அதற்குப் பதில் இல்லை.

இதையெல்லாம் அசைன்மென்டில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு கிழமை இழுத்தேன். கடைசியில் கணக்காய்வு வாதத்தைச் சுருக்கிவிட்டு, ஒரே கேள்வியை வைத்து எழுதினேன். ஆண்டறிக்கை என்பது யாருக்கு எழுதப்படுகிறது? சட்டப்படி அது சட்டமன்ற உறுப்பினருக்கு. பணம் கேட்கிற கடிதம். ஆனால் அதில் வருகிற மனிதர்கள் அதை வாசித்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. சேரம்பாடி என்ற ஒரு சொல்லுக்காக ஒரு கிழவி அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிறாள். அந்தப் புத்தகத்தை எழுதிய அலுவலருக்கு இப்படியும் ஒரு வாசகி இருப்பாள் என்று தெரிந்திருந்தால், "பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன" என்று எழுத முன் கொஞ்சம் யோசித்திருப்பாரோ என்னவோ.

மேடம் B+ போட்டார். பக்கத்தில் "கொஞ்சம் உணர்ச்சி கூட" என்று எழுதியிருந்தார். சரிதான்.

பிறகு எங்கட பக்கத்தையும் பார்த்தேன். எங்கட அமைச்சுகளும் திணைக்களங்களும் வருஷாவருஷம் பாராளுமன்றத்துக்குச் செயலாற்றுகை அறிக்கை கொடுக்கின்றன. மூன்று மொழியிலும் கிடைக்கும். தோட்ட வீடமைப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, உண்மையில் செலவழித்தது எவ்வளவு என்று இரண்டு நிரலில் போட்டிருப்பார்கள். அந்த இரண்டு நிரலுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தில்தான் எங்கட மாமா வீட்டுக் கூரைத் தகரம் இருக்கிறது. நாங்கள் 1,000 ரூபாய் சம்பளத்துக்கு ரோட்டில் நின்றோம். 2021-இல் அது வந்தது, 2024-இல் 1,350 ஆனது. ரோட்டில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் ரோட்டிலிருந்து வீட்டுக்கு வந்தபிறகு அந்த இரண்டு நிரலையும் ஒருத்தராவது வாசிக்கவேண்டும். எங்கட தோட்டத்துக் கம்பஸ் பிள்ளைகள் ஆறு பேர் சேர்ந்து அதைத் தொடங்கியிருக்கிறோம். ஆளுக்கு ஒரு திணைக்களம். பெரிய விஷயமில்லை, வட்ஸ்அப் குரூப்தான். போனமாதம் எங்கட தோட்டத்துப் பாதைக்குக் காசு ஒதுக்கியிருப்பதைக் கண்டுபிடித்து, பாதை எங்கே என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

சின்னம்மாயியைக் கண்டுபிடித்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. சேரம்பாடிப் பக்கம் ஒரு ஆசிரியரின் நம்பர் சுற்றி வளைத்துக் கிடைத்திருக்கிறது. விசாரித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். இருந்தால் எழுபத்தைந்து வயதிருக்கும். அம்மாயி நம்பிக்கையும் வைக்கவில்லை, விடவும் இல்லை.

ஆனால் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் புத்தகம் வரும் என்று நான் சொன்னதை அம்மாயி பிடித்துக்கொண்டார். காயிதமும் வருஷத்துக்கு ஒன்றுதானே வந்தது. இந்த முறை சித்திரை வருஷத்துக்கு வாழ்த்துச் சொல்ல போன் எடுத்தபோது, நான் வாழ்த்துச் சொல்லி முடிக்கவிடவில்லை.

"அது கெடக்கட்டும் புள்ள. தங்கச்சி புத்தகம் வந்திருச்சா?"